கழுத்துல கத்தி, கையில ஊசி

எங்கிட்ட எல்லாரும் ஒரே கேள்வியத்தான் கேக்குறாங்க. ஊசி வேலை செஞ்சுதா? டீக்கடையில கேக்குறாங்க, கல்யாணப் பந்தியில கேக்குறாங்க. ஒரு எழவு வூட்டுல பொணத்த எடுக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர் பக்கத்துல வந்து குந்திக்கினு காதுல கேட்டாரு. கேக்குறவங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு நான் ஆமான்னு சொல்லணும், இன்னொரு கட்சிக்கு இல்லன்னு சொல்லணும். ரெண்டு கட்சிக்கும் என் ஓட்டு கெடையாது. நடந்தத நடந்தபடி சொல்றேன். புடிச்சா கேளுங்க, புடிக்கலன்னா அடுத்த ஸ்டாப்பிங்ல எறங்கிக்குங்க.

நான் பஸ் கண்டக்டர். தனியார் வண்டி. செங்கல்பட்டுல ஏத்தி, திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரத்துல எறக்கணும், திரும்ப அங்க ஏத்தி இங்க எறக்கணும். இதுல என்னா பெரிய வேலைன்னு கேப்பாங்க. எங்க லைன்ல கொரல்தான் வேலை. ஸ்டாண்டுல கவர்மெண்டு வண்டி நிக்கும், ஷேர் ஆட்டோக்காரன் நிப்பான், போட்டி வண்டி ஒண்ணு மூக்க நீட்டிக்கினு நிக்கும். போர்டு படிச்சுட்டு ஏர்ற ஜனம் கொஞ்சம். மீதி ஜனம் காதால ஏறும். எவன் கூப்புடறானோ அவன் பின்னாடி போவும். "கழுக்குன்றம் கழுக்குன்றம் கழுக்குன்றம், எச்சூர், பூஞ்சேரி, மாபலிபுரோம்" அப்டின்னு நான் ஒரு இழுப்பு இழுத்தா, எதிர்ல ஜூஸ் கடையில நிக்கிறவன் கிளாஸ கீழ வெச்சுட்டு வருவான். பெருமைக்குச் சொல்லல. எங்க மொதலாளியே சொல்லுவாரு, வண்டிக்கு டீசல் ஊத்துறது அவரு, ஜனத்த ஊத்துறது நான்னு.

அந்தத் தொண்டையிலதான் கட்டி வந்துச்சு.

மொதல்ல பாத்தது சவரம் பண்றவரு. தண்ணி குடிச்சுட்டு வந்து ஒக்காந்தேன். கத்திய தூக்கிப் புடிச்சுக்கினு, "அண்ணாத்த, எச்சி முழுங்குங்க" ன்னாரு. முழுங்கினேன். "ஒண்ணு ஏறி எறங்குது, கொஞ்சம் காட்டிக்குங்க" ன்னாரு. கண்ணாடியில பாத்தா நெசம்தான். கொரவளைக்கு வலது பக்கம் ஒரு எலந்தப்பழம் அளவுக்கு ஒண்ணு, நான் முழுங்கும்போது மேல போயி கீழ வருது. எனக்குச் சிரிப்புதான் வந்துச்சு. என் வண்டியில டிக்கெட் எடுக்காம எவன்டா ஏறுனதுன்னு கேட்டேன். அவரு சிரிக்கல.

நேரா எங்க அக்காகிட்ட போனேன். ஏன்னா எங்க அக்கா ஊசி வெக்கிறவ. எங்க ஜில்லாவுல இப்ப தெருவுக்கு ஒரு அக்குபஞ்சர் போர்டு இருக்கு, தெரிஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழம வகுப்புல படிச்சுட்டு, கழுக்குன்றத்துல அவ வூட்டு முன்ரூம்ல ஒரு நாற்காலியும் ஒரு பாயும் போட்டு அவளும் ஆரம்பிச்சா. அவங்க வழியே தனி. மாத்திரை கூடாது, டெஸ்ட் கூடாது, பசிச்சா சாப்டணும், தூக்கம் வந்தா தூங்கணும். நாடி புடிச்சுப் பாத்து ஒரே எடத்துல ஒரே ஊசி. கத்திங்கிற பேச்சையே எடுக்கக் கூடாது. நக்கல் பண்ண மாட்டேன். என் சம்சாரத்துக்கு வருசக் கணக்கா இருந்த இடுப்புவலி அந்த ஒரு ஊசியிலதான் போச்சு. எப்டிப் போச்சுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. போச்சு, அவ்ளோதான்.

அக்கா என் நாடியப் புடிச்சா, கண்ண மூடிக்கினா, கையில ஒரு ஊசி வெச்சா. கரையும்டான்னா. நானும் டியூட்டி முடிஞ்ச நாள்ல எல்லாம் போயி கைய நீட்டினேன். எலந்தப்பழம் எலுமிச்சம்பழம் ஆச்சு. மல்லாந்து படுத்தா மூச்சு இழுக்குது. ட்ரைவரு கிண்டல் பண்ணிக்கினே இருந்தவன், ஒரு நாளு கண்ணாடியில என்னப் பாத்துட்டு, "மச்சான், கொரல் அடைக்குது, போய்ப் பாரு" ன்னான். அவன் சீரியஸா பேசினா எனக்குப் பயம் வந்துடும்.

செங்கல்பட்டுல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தாங்க, கட்டியில ஊசிய வுட்டு உறிஞ்சிப் பாத்தாங்க. ஆபரேசன் பண்ற டாக்டரு, நல்லா படிச்ச மனுசன், கறாரான ஆளு. பொறுமையாத்தான் சொன்னாரு. தைராய்டு சுரப்பியில பாதிய எடுத்துடணும், கட்டி கெட்டதா நல்லதான்னு எடுத்துப் பாத்தாத்தான் தெரியும், தள்ளிப்போடக் கூடாதுன்னாரு. அப்புறம் பேனாவ மூடிக்கினே ஒண்ணு சொன்னாரு. அந்தச் சுரப்பிக்குப் பின்னாடி நூலாட்டம் ஒரு நரம்பு போவுதாம். பேசுறதுக்கு அதுதானாம். ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம், ஆனா எப்பவாவது ஒருத்தருக்கு அடிபட்டுடும், கொரல் கரகரன்னு ஆயிடும், சில பேருக்குத் திரும்ப வராதுன்னாரு.

அடிபட்டுச்சான்னு எப்ப சார் தெரியும்னு கேட்டேன். நீங்க கண்ணு முழிச்சதும் பேசச் சொல்லிப் பாப்போம்னாரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "அது பஸ்சு போனப்புறம் கை காட்ற மாதிரி கீது சார்" ன்னு சொன்னேன். அவருக்கும் கோவம். அப்ப என்னா பண்ணச் சொல்றீங்கன்னாரு. முழிச்சுக்கினே இருக்கேன், அறுங்க, நான் பேசிக்கினே இருக்கேன், கொரல் மாறினா அங்கயே நிறுத்துங்கன்னேன். கழுத்த அறுக்கும்போது முழிச்சுக்கினு இருக்கறதா, இருமல் வரும், அசைஞ்சுடுவீங்க, விளையாட்டா இதுன்னாரு. சென்னையில பெரிய எடத்துல நரம்பப் பாக்கறதுக்கு மெசின் இருக்கு, அங்க எழுதித் தரேன்னாரு. அதுக்கும் முழு மயக்கம்தானேன்னு கேட்டேன். ஆமான்னாரு.

முழு மயக்கம்னா எனக்கு ஆவாது. இதையும் சொல்லிடணும். முன்னாடி ஒரு தபா குடலிறக்கத்துக்கு ஆபரேசன் பண்ணும்போது முழு மயக்கம் குடுத்தாங்க. குடுத்தவங்க குடுத்துட்டாங்க, நான் திரும்பி வரல. மெசின் வெச்சு மூச்சு வுட வெச்சு, என் சம்சாரம் கண்ணாடிக்கு வெளிய நின்னு கும்புடாத சாமி இல்ல. எனக்கு எதுவும் தெரியாது. தெரியாம போறதுதான் எனக்குப் பயம். வலிக்குப் பயமில்ல. படிக்கட்டுல தொங்கிக்கினு கை ஒடிஞ்சு, ஒடிஞ்ச கையோட ட்ரிப்ப முடிச்சவன் நான். ஆனா நான் இல்லாதப்ப என் ஒடம்புல இன்னொருத்தன் வண்டி ஓட்டுறது எனக்குப் புடிக்கல.

அப்பத்தான் அந்தம்மா உள்ள வந்தாங்க. மயக்கம் குடுக்குற டாக்டரம்மா. வயசானவங்க, தெக்கத்திப் பக்கம், வூட்டுக்காரரு கல்பாக்கத்துல வேலை பாத்தவராம், அதனால இந்தக் கரையிலயே தங்கிட்டாங்களாம். என் பழைய சீட்டயெல்லாம் ஒண்ணொண்ணா பொறுமையா படிச்சாங்க. அப்புறம் ஆபரேசன் டாக்டர்கிட்ட, இவருக்கு முழு மயக்கம் நானே குடுக்க மாட்டேன், கழுத்த மட்டும் மரக்க வெச்சு, கையில ஊசி வெச்சுப் பண்ணலாம்னாங்க. எந்த ஊசின்னு கேட்டேன். அக்குபஞ்சர்னாங்க. நாற்காலியிலேர்ந்து விழாத கொறைதான். எங்க அக்கா ஊசி ஆஸ்பத்திரிக்குள்ள எப்டி வந்துச்சு?

அவங்க சின்ன வயசுல முறையா கத்துக்கினாங்களாம், ஆபரேசனுக்கு வலி தெரியாம இருக்க அந்த ஊசிய வெக்கிற எடத்துல போயி நின்னு பாத்துருக்காங்களாம். டாக்டரு மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே. மேடம், நீங்களுமான்னாரு. அந்தம்மா அவரப் பாக்கல, என்னத்தான் பாத்தாங்க.

"வலியே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். மந்திரம் இல்ல இது. மரப்பு மருந்தும் போடுவேன். ஊசி அதுக்குத் துணை. இழுக்குறது தெரியும், சதை கருகுற வாசம் மூக்குக்குத் தெரியும். தாங்குற அளவுக்குக் கொண்டு வருவேன், மிச்சம் உங்களோடது."

என் வாழ்நாள்ல ஒரு டாக்டரு எங்கிட்ட மிச்சத்த வெச்சது அப்பத்தான். அங்கயே சரின்னுட்டேன்.

சரின்னதுல வந்துச்சு பேஜாரு. மொதல்ல மொதலாளி. நீ படுத்துக்கினா நான் என்னா பண்றதுன்னு, பேட்டரியில ஓடுற ஒரு ஸ்பீக்கர வாங்கி வண்டி மேல மாட்டிட்டாரு. ஏதோ ஒரு பொண்ணு பேசி ரெக்கார்டு பண்ணது. "இந்தப் பேருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும்" னு, செத்தவனுக்கு அறிவிப்பு குடுக்குற மாதிரி. நீ கொரலோட வந்தா வா, இல்லாட்டி ஷெட்டுல வாட்ச்மேன் வேலை இருக்கு, கைவுட மாட்டேன்னாரு. நல்ல மனசுலதான் சொன்னாரு. எனக்கு அது அறைஞ்ச மாதிரி இருந்துச்சு. ட்ரைவரு, எங்கடா போற, ஆபரேசனுக்கா பஞ்சர் ஒட்டவான்னு ஸ்டாண்டு பூரா சொல்லிச் சிரிச்சான். அவன வுடுங்க.

அக்கா வூட்டுக்கே வந்துட்டா. செருப்பக் கூடக் கழட்டல, வாசல்லயே நின்னா. கத்திக்குப் போவாதேன்னா. கட்டி பெருசாவுதே, மூச்சு முட்டுதேன்னேன். ஒடம்பு கழிவ வெளிய தள்ளுது, பொறுக்கணும்னா. எவ்ளோக்கா பொறுக்கறதுன்னேன். அப்புறம்தான் உள்ளுக்குள்ள இருக்கறது வெளிய வந்துச்சு. கூடப் பொறந்த தம்பியே கத்திக்குப் போனா எங்கிட்ட எவ வருவா, என்னப் பாத்து எங்க வகுப்புல காறித் துப்ப மாட்டாங்களான்னா. நெசம்தான். அவ நாற்காலி காலியாயிடும். அவ சொந்தக் கால்ல நின்னது அந்த நாற்காலியிலதான், எனக்குத் தெரியாதா?

ஊசி வெச்சுத்தான் அறுக்கப் போறாங்கன்னு சொன்னா கொஞ்சம் ஆறுவான்னு நெனச்சு அதையும் சொல்லித் தொலைச்சேன். எரியுற அடுப்புல எண்ணெய ஊத்தின மாதிரி ஆச்சு. கத்திக்குக் கைத்தடியா நம்ம ஊசிய அனுப்புறியான்னு கத்தினா.

"ஒன் ஊசிக்கும் அவரு கத்திக்கும் நடுவுல என் கழுத்து கீதுக்கா" ன்னேன்.

திரும்பிப் போயிட்டா. அதோட பேச்சு நின்னு போச்சு. போன் பண்ணா எடுக்கல. ஆஸ்பத்திரிக்கும் வரல.

ஆபரேசன் காலையில. தோளுக்கு அடியில தலவாணி வெச்சு, பலி குடுக்குற கெடா மாதிரி கழுத்த மேல தூக்கி வெச்சுட்டாங்க. மூஞ்சிக்கும் கழுத்துக்கும் நடுவுல பச்சைத் துணி. டாக்டரம்மா என் தலைமாட்டுல ஸ்டூல் போட்டு ஒக்காந்தாங்க. ரெண்டு கையிலயும் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல ஒரு ஊசி, மணிக்கட்டுக்கு மேல உள்பக்கம் ஒரு ஊசி. அதுல சின்னச் சின்ன கிளிப்பு மாட்டி ஒயர ஒரு டப்பாவோட சேத்து, குமிழத் திருப்பினாங்க. கட்டை விரலு தன்னால துள்ளுச்சு. வலிக்கல, கனமா ஒரு மதமதப்பு முழங்கை வரைக்கும் ஏறுச்சு. கொஞ்ச நேரம் அதுலயே வுட்டுட்டு, அப்புறம்தான் கழுத்துல மரப்பு மருந்து குத்தினாங்க. அந்தக் குத்து மட்டும் சுருக்குன்னுச்சு.

டாக்டரு சொன்னாரு, கழுத்துல வேலை நடக்கும்போது தலைய ஆட்டக் கூடாது, நான் கேக்காம பேசக் கூடாது, எல்லாம் சரின்னா வெரலால கட்டில ஒரு தட்டு தட்டணும், தாங்க முடியலன்னா ரெண்டு தட்டுன்னாரு. சரின்னேன். அங்கதான் கெட்டுச்சு குடி.

பஸ்சுல ஒரு விசிலுன்னா நிறுத்து. ரெண்டு விசிலுன்னா போலாம். தகரத்துல தட்டினாலும் அப்டித்தான். ஒண்ணு நிறுத்து, ரெண்டு போ. எனக்கு மீச மொளச்ச நாள்லேர்ந்து இதுதான். மண்டை சரின்னு சொல்லிடுச்சு, கைய யாரு கேட்டா? அறுக்க ஆரம்பிச்சாங்க. தோல் மேல ஏதோ கோடு போடுற மாதிரி இருந்துச்சு, கருகுற நாத்தம் வந்துச்சு, வலி இல்ல. டாக்டரு, எப்டி இருக்குன்னாரு. நான் டக் டக்குன்னு ரெண்டு தட்டு தட்டினேன். போலாம் ரைட். அவரு நிறுத்திட்டாரு. இன்னும் கொஞ்சம் மருந்து போட்டாரு. திரும்ப ஆரம்பிச்சாரு, திரும்பக் கேட்டாரு, நான் திரும்ப ரெண்டு தட்டு.

இவரால தாங்க முடியல மேடம், ஆரம்பத்துலயே இப்டின்னா உள்ள எப்டிப் போறது, மூடிட்டு சென்னைக்கு அனுப்பிடலாம்னாரு. டாக்டரம்மா துணிக்கு இந்தப் பக்கம் குனிஞ்சு என் மூஞ்சியப் பாத்தாங்க. வலிக்குதா, வாயத் தொறந்து சொல்லுங்கன்னாங்க. "இல்லியேம்மா. போலாம்னு ரைட் குடுத்துக்கினு கீறேன்" னேன். அந்தம்மாவுக்குச் சிரிப்ப அடக்க முடியல. டாக்டரு சிரிக்கல. இது பஸ் இல்ல, நான் சொன்னபடி தட்டுங்கன்னாரு. ஒரு தட்டு தட்டினேன். ஒடம்பு பூரா அது தப்பு தப்புன்னுச்சு.

உள்ள போனாங்க. அப்புறம் வலிச்சுது. ஊசிக் கட்சி கேட்டுக்குங்க, வலிச்சுது. அந்தக் கட்டியப் புடிச்சு மேல தூக்கும்போது காதுக்குப் பின்னாடியிலேர்ந்து தாடை வரைக்கும் கழுத்துலேர்ந்து பல்லு புடுங்குற மாதிரி ஒரு இழுப்பு. கத்திக் கட்சியும் கேட்டுக்குங்க. நடுவுல என் வலது கையில இருந்த கிளிப்பு ஒண்ணு கழண்டு போச்சு. எனக்கு அது தெரியாது, கை துணிக்கு அடியில இருந்துச்சு. இழுப்பு மட்டும் திடீர்னு ஏறுது, வேர்த்துக் கொட்டுது. அந்தம்மா டப்பாவப் பாத்தாங்க, துணியத் தூக்கினாங்க, கிளிப்ப மாட்டினாங்க. கொஞ்சம் கொஞ்சமா எறங்குச்சு. அது கரண்டா, மனசா, இல்ல அந்தம்மா என் நெத்தியில வெச்ச கையான்னு கேட்டா நான் சொல்ல மாட்டேன், ஏன்னா எனக்குத் தெரியாது. எறங்குச்சுன்னு மட்டும் கோர்ட்டுல வந்து சத்தியம் பண்ணுவேன்.

நரம்பு பக்கம் வந்துட்டோம், இப்ப பேசுங்கன்னாரு டாக்டரு. என்னா பேசறதுன்னேன். ஒண்ணு ரெண்டு எண்ணுங்கன்னாரு. எனக்கு எண்ணினா தூக்கம் வரும். தெரிஞ்சத ஆரம்பிச்சேன். மெதுவா, ஆனா அதே இழுப்புல. செங்கல்பட்டு செங்கல்பட்டு. கழுக்குன்றம் கழுக்குன்றம். கொத்திமங்கலம். குழிப்பாந்தண்டலம். அங்க நின்ன நர்சம்மா, "அண்ணா, எங்க எச்சூர வுட்டுட்டீங்க" ன்னுச்சு. மன்னிச்சுக்கம்மான்னு எச்சூரையும் சேத்துக்கினேன். மாபலிபுரம் போயி, திரும்ப செங்கல்பட்டு வந்தேன். ரெண்டாவது ட்ரிப்பு. கழுக்குன்றம். எச்சூர். குழிப்பாந்...

மீதி "தண்டலம்" வரல. அதுக்குப் பதிலா காத்து வந்துச்சு. ஏர் பிரேக்கு லீக்காவற மாதிரி புஸ்ஸுன்னு.

வேற யாருக்கும் கேக்கல. கேட்டிருந்தாலும் களைப்புன்னு நெனச்சிருப்பாங்க. எனக்குத் தெரியும். என் கொரல எனக்குத் தெரியாதா? வெரலு தன்னால ஒரு தட்டு தட்டுச்சு. நிறுத்து. நிறுத்தல. இன்னும் ஓங்கி ஒரு தட்டு. "நல்லா இருக்காரு" ன்னு டாக்டரு சொல்றது காதுல வுழுது, உள்ள இழுப்பு கூடுது. ஒரு தட்டுன்னா அவருக்கு நல்லா இருக்கேன்னு அர்த்தம். அது எனக்கு அந்த நேரத்துல ஞாபகமே வரல. நிறுத்து நிறுத்துன்னு நான் தட்டத் தட்ட, போ போன்னு அவரு போறாரு.

"ஹோல்டான்."

வண்டிய நிறுத்தக் கத்துறத கத்தினேன். கிழிஞ்ச துணியாட்டம் வந்துச்சு, பாதி காத்து, பாதி சத்தம். ஆனா வார்த்தை வந்துச்சு. பஸ்சுல போய்ப் படிச்ச மனுசன் போல இருக்கு, டாக்டரு. கை அப்டியே நின்னுச்சு. அந்த ரூம்பே நின்னுச்சு.

"கொரல் போகுது, எதையோ இழுத்துப் புடிச்சிருக்கீங்க, விடுங்க" ன்னாங்க டாக்டரம்மா.

அவரு வுட்டாரு. உள்ள ஒண்ணு தளர்றது எனக்குத் தெரிஞ்சுது. டப்பா மட்டும் டிக்டிக்குன்னுது, என் கட்டை விரலு துள்ளிக்கினே இருக்கு. கொஞ்ச நேரம் கழிச்சு, இப்ப சொல்லுங்கன்னாரு டாக்டரு. கறாரு போயி வேற கொரல்ல சொன்னாரு.

நான் வாயத் தொறக்கல. பயம். பச்சையா சொல்றேன், என் வாழ்க்கையில அவ்ளோ பயம் எனக்கு வந்ததில்ல. வாயத் தொறந்தா காத்துதான் வரும்னா, தொறக்காமயே இருந்துடலாமேன்னு தோணுச்சு. ஷெட்டு வாசல்ல டார்ச் லைட்டோட நான் குந்திக்கினு இருக்கறது தெரியுது, வண்டி மேல அந்தப் பொண்ணு பேசிக்கினு போறது கேக்குது. என் பேரன் என்னைய மாதிரியே கூப்புட்டு விளையாடுவான், எப்டிக் கூப்புடணும்னு அவன் கேட்டா நான் எதக் காட்டுவேன்? அந்தம்மா நெத்தியில வெச்ச கைய எடுக்கல. அவசரமில்ல, வண்டி உங்களோடதுன்னாங்க.

பூஞ்சேரின்னேன். கரகரன்னு வந்துச்சு. திரும்பப் பூஞ்சேரி. கொஞ்சம் தேவல. மாபலிபுரம்னேன், அந்தக் கடைசி "ரோம்" அ இழுக்கும்போது பழைய எடத்துல போயி அது ஒக்காந்துச்சு. கண்ணுலேர்ந்து தண்ணி ரெண்டு காதுக்குள்ளயும் எறங்குது, தொடைக்க ஆளில்ல. டாக்டரு, இன்னொரு ட்ரிப்பு அடிங்கன்னாரு. அடிச்சேன். தையல் போட்டு முடிக்கிற வரைக்கும் அடிச்சுக்கினே இருந்தேன். எச்சூர வுடல.

கட்டி நல்ல கட்டிதான்னு ரிப்போர்ட்டு வந்துச்சு. என் சம்சாரம் வேண்டினதுக்கெல்லாம் மொட்டை நான் போட்டேன். அதுக்கப்புறம் ஆரம்பிச்சானுங்க பாருங்க. அக்கா வகுப்புக்காரர் ஒருத்தர் ஆளனுப்பினாரு. கூட்டம் போடறோம், மேடையில வந்து ஊசியிலேயே ஆபரேசன் நடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு. மரப்பு மருந்து போட்டாங்களே, அத யாரு சொல்றதுன்னேன். அத வுட்டுடுங்களேன்னாரு. வுட மாட்டேன்னுட்டேன். ஆஸ்பத்திரியில வேற ஒரு டாக்டரு, ஊசி சும்மா உங்க மனசத் தேத்தறதுக்கு, வேலை செஞ்சது மருந்துதான்னு தோள்ல தட்டினாரு. கிளிப்பு கழண்டப்ப நீங்க எங்க சார் இருந்தீங்கன்னு கேட்டேன். தோள்லேர்ந்து கைய எடுத்துட்டாரு. ஆபரேசன் பண்ண டாக்டரு மட்டும் எதுவும் சொல்லல. தையல் பிரிக்கும்போது, இனிமே முழிச்சிருக்குற ஆளுக்கு ரெண்டு தட்டா ஒரு தட்டான்னு அவங்களையே கேட்டுக்கறேன்னாரு. மனுசன்.

கொரல் முழுசா வந்துச்சான்னா, வரல. மேல போற எடத்துல ஒரு பிசிறு இருக்கு. இருந்துட்டுப் போவுது.

வேலைக்குத் திரும்பின அன்னிக்கு, சட்ட காலர்ல மேல் பட்டன போடல. கழுத்துல மஃப்ளர் சுத்திக்கோன்னு என் சம்சாரம் குடுத்தத பையில போட்டுக்கினேன். தழும்பு செவப்பா, கோணலா, ஊரு பாக்க இருந்துச்சு. பாக்கட்டும். மொதலாளி ஸ்பீக்கர கழட்டல, தொண்டைக்கு ரெஸ்ட்டு குடு, அதுவே பேசட்டும்னாரு. நான் வண்டி மேல ஏறி ஒயரப் புடுங்கினேன். கீழ எறங்கி, ஸ்டாண்டு நடுவுல நின்னு, "கழுக்குன்றம் கழுக்குன்றம் கழுக்குன்றம்" னு ஒரு இழுப்பு. பிசிறு தட்டுச்சு. ஜூஸ் கடையில ஒருத்தன் கிளாஸ கீழ வெச்சான்.

அவன் பின்னாடி எங்க அக்கா வந்தா.

ஞாயித்துக்கெழம. வகுப்பு முடிஞ்சு வூட்டுக்குப் போறா. கவர்மெண்டு வண்டி பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துச்சு, அதுல பொம்பளைங்களுக்கு ஃப்ரீ டிக்கெட்டு. அதுல ஏறல. என்னையும் பாக்கல. முன்பக்கம் ஜன்னலோரம் ஒக்காந்துக்கினு வெளியவே பாத்துக்கினு வந்தா. நானும் அவ சீட்டுகிட்ட போயி டிக்கெட்டக் கிழிச்சுக் குடுத்தேன், பேசல. அவளுக்கு இருக்குற வீம்பு எனக்கு இல்லியா? ஒரே வயித்துல பொறந்ததுதானே ரெண்டும். அவ மடியில ஊசி டப்பாவ வெச்ச பை இருந்துச்சு, அத ரெண்டு கையாலயும் புடிச்சுக்கினு இருந்தா.

கழுக்குன்றம் வந்துச்சு. படிக்கட்டுல நின்னுக்கினு கொரல் குடுத்தேன். அங்க எறங்க வேண்டியவங்க எல்லாரும் எறங்கினாங்க, அக்கா கடைசி. எறங்குறவ என் எதிர்ல நின்னுட்டா. பின்னாடி போட்டி வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். அவ கைய நீட்டி, நாடி புடிக்கிற அந்த வெரலாலயே, என் தழும்ப ஒரு முனையிலேர்ந்து இன்னொரு முனை வரைக்கும் தடவிப் பாத்தா. ஊசி வேலை செஞ்சுதான்னு இவளும் கேக்கப் போறா, கேட்டா ரெண்டுல ஒண்ணு பாத்துடறதுன்னு நான் வாயில பதில வெச்சுக்கினு நின்னேன்.

"வலிச்சுதாடா?" ன்னா.

அத்தன பேருல எவனும் அத எங்கிட்ட கேக்கல.

"வலிச்சுதுக்கா" ன்னேன். "கொரல் கீது."

அவ தலைய ஆட்டிக்கினு எறங்கினா. நான் விசிலத் தொடல. வண்டியோட தகரத்துல ரெண்டு தட்டு தட்டி, பிசிறோடவே கத்தினேன், போலாம் ரைட்.